மைக்கை அணைக்க மறந்த பூமாலை

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க பூமாலைக்குத் தெரியாது. திண்டிவனத்தில் ஒரு தியேட்டருக்கு ஊர் ஊராய்ப் போய் மைக்கில் விளம்பரம் சொல்பவன் அவன். கூம்பு ஸ்பீக்கர் கட்டிய காரை ஓட்டுபவன் நான். மைக்கில் எல்லாமே 'மாபெரும் வெற்றிச் சித்திரம்'. அணைத்த பிறகு எந்த இடத்தில் தூக்கம் வந்தது, இடைவேளையில் தின்ற போண்டா எப்படி என்று என்னிடம் கொட்டுவான். எனக்குப் படத்தைவிட அந்தப் பேச்சுதான் பிடிக்கும்.

எண்பத்தாறு தீபாவளி முடிந்த சமயம். கிளியனூர் கடைத்தெருவில் அறிவிப்பை முடித்தவன், ஜன்னல் வழியே நோட்டீசை வீசிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, விழுப்புரத்துலயே இதைப் பாத்துட்டேன். பேஜாரு புடிச்ச படம். ஹீரோ எப்படா செத்துத் தொலைவான்னு காத்துக்கினு இருந்தேன், சாவவே இல்லியே! அங்க ஸ்டேஷன் பக்கத்துல பிரியாணி துன்னேன் பாரு, அதை ஓட்டலாம் நூறு நாளு. நம்ம கேன்டீன் வடை இருக்குதே, செவுத்துல அடிச்சா செவுரு பேந்துடும்!"

விழுந்து விழுந்து சிரித்தேன். என் சிரிப்பு தலைக்கு மேலே ஸ்பீக்கரில் கேட்டது. அட கடவுளே! நோட்டீசு வீசுகிற அவசரத்தில் மைக்கை அணைக்காமல் விட்டிருக்கிறான், பாவி.

டீக்கடையிலிருந்து பெரியதம்பி எழுந்தான். அந்த நடிகருக்கு மன்றம் வைத்து, கட்அவுட்டுக்குக் குடம் குடமாய்ப் பால் ஊற்றியவன். "எவன்டா எங்காளு சாவணும்னது?" என்று வேட்டியை மடித்துக் கட்டினான். பின்னாலேயே பத்துப் பேர்.

"எடுங்கண்ணே, ஜல்தி!" பூமாலை சீட்டுக்கு அடியில் புகுந்தான். நான் காரை விரட்டினேன். உண்மையாகச் சொல்கிறேன், உயிரோடு வீடு போய்ச் சேரமாட்டோம் என்றே நினைத்தேன். கரும்புக் கொல்லை ஓரம் காரை மறைத்து, பொழுது சாய்கிறவரை கிடந்தோம்.

அவர்கள் பஸ் பிடித்து எங்களுக்கு முன்னால் தியேட்டருக்குப் போயிருந்தார்கள். வாசலில் முதலாளி நின்றார்.

"திரையைக் கிழிப்போம்ன்றானுங்க. அவனுங்க காலுல வுழு. நாளைக்கு அதே எடத்துல போயி படம் பிரமாதம்னு சொல்லு. இல்லேன்னா வேலைக்கு வராத."

விழுந்தான். மறுநாள் பின்சீட்டில் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு பெரியதம்பி உட்கார்ந்து வந்தான். கடைத்தெருவில் பூமாலை மைக்கை எடுத்தான். "படம்... பிரமாதம்" என்றான். "வடை எப்டிப்பா?" என்று யாரோ கத்தினார்கள். "வடையும் பிரமாதம்ங்க."

வேலை தப்பியது. திண்டிவனம் திரும்பியதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னையும் வீட்டுக்கு அழைத்துப் போனான். அவன் பெண்டாட்டி பொன்னி கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன், துளி உப்பில்லை. பூமாலை என்ன சொல்லப்போகிறானோ என்று அவனைப் பார்த்தேன்.

"குழம்பு எப்டிக்கீது?" என்றாள்.

பூமாலை வாசலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நல்லாருக்குது."

பொன்னி கரண்டியிலிருந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "உப்பே போடலியேய்யா. எப்பவும் போல திட்டேன்யா என்னை, எதாச்சும் சொல்லேன்யா" என்று அழ ஆரம்பித்தாள்.

அவன் தலை நிமிராமல் இன்னொரு கவளம் பிசைந்தான்.