ஒரு படிகத்தோடு இருபது கொண்டை ஊசி வளைவுகள்

ஏற்காட்டுக்கு ஏரியும் ஆரஞ்சுப் பழமும் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். நான் போனது அதிர்வில்லாத ஒரு தரை தேடி. எண்பதுகளின் கடைசி, ஆடி மாதம். சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடம் பெரிய சாலையை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மேசை நடுங்கி என் சோதனை பாழாகும். கூடப் படித்த தோழியின் அப்பா வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அறுவடைக்கு இன்னும் மாசக்கணக்கில் நாள் இருப்பதால் குடோன் காலி, வந்து பார் என்றார்.

சோதனை இதுதான். ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் இரண்டு போலராய்டு வில்லைகளைக் குறுக்காக வைத்தால் லேசர் ஒளி தாண்டாது, சுவர் இருண்டிருக்கும். நடுவில் ஒரு படிகத்தை வைத்து, காதுக்கு எட்டாத ஒலியை அதற்குள் அனுப்ப வேண்டும். ஒலி படிகத்தை அழுத்தி அழுத்தி விடும். அழுத்தம் பட்ட இடத்தில் ஒளியின் அதிர்வுத் திசை மாறும். இருட்டில் புள்ளிகள் பூக்கும். அதைப் படம் எடுத்தால் என் மூன்று வருட உழைப்பு கரையேறும். ஆய்வுக்கூடத்தில் இருந்ததே அந்த ஒரு படிகம்தான். அதை உடைத்தால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காலை ஆறரைக்கு சேலம். ஏழேகாலுக்கு மலை பஸ். முப்பத்திரண்டு கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். குலுங்கி உடையுமோ என்ற பயத்தில், பஸ் ஏறும் முன்பே படிகத்தைப் பிடித்திருந்த சட்டத்தின் நாலு திருகையும் முழு பலத்தோடு முறுக்கினேன். ஏழாவது வளைவில் பனி உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. பஸ் எங்கோ மிதப்பது போலிருந்தது. ஏற்காட்டிலிருந்து எஸ்டேட் ஜீப்பில் அரை மணி நேரம்.

மதியம் மூன்றுக்கு ஜன்னல்களில் சாக்குப் படுதா தொங்கவிட்டு லேசரைப் போட்டேன். கதவிடுக்கில் நுழைந்த பனியில் ஒளி சிவப்பு நூலாக நீண்டது. எவ்வளவு அழகு! ஆனால் சுவர் இருளவில்லை. ஒலியே போடாதபோதும் சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. வில்லையை எந்தப் பக்கம் திருப்பினாலும் போகவில்லை. படிகத்துக்குள் விரிசல் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டி, சாக்குமேல் உட்கார்ந்து அழுதேன்.

காப்பிப் பழம் உரிக்கும் மெஷினைப் பழுது பார்க்க வந்திருந்த ஃபிட்டர் சின்னராஜ், பெல்ட் எடுக்க உள்ளே வந்தார்.

"ஏனுங்க அம்மணி, என்னாச்சுங்க?"

"கல்லு உடைஞ்சு போச்சுங்க."

குனிந்து பார்த்தார். "உடைஞ்ச மாதிரி தெரியலீங்களே. திருகத்தான் நொம்ப முறுக்கிப் போட்டீங்க. பாவம், அதுக்கு மூச்சு முட்டுமுங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுத்தம் ஒளியைத் திருப்பும் என்று மூன்று வருடமாகப் படித்தவளுக்கு, தன் கை கொடுத்த அழுத்தம் தெரியவில்லை! ஒவ்வொரு திருகாகத் தளர்த்தினேன். புள்ளி மங்கியது. நாலாவது திருகில் அணைந்தது. இருட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

"இப்பச் சத்தம் போடறேனுங்க" என்று சொல்லி ஒலியை முடுக்கினேன். சுவரில் நடுவே ஒன்று, பக்கத்துக்கு இரண்டு என்று சிவப்புப் புள்ளிகள் வரிசையாக விழித்தன. பனி நகர நகர அவற்றுக்கு வரும் ஒளிக்கதிர்களும் தெரிந்தன, மறைந்தன.

"சத்தம் போடறேன்னீங்க, ஒண்ணுமே கேக்கலீங்களே?" என்றார் சின்னராஜ்.

"அதுதாங்க சத்தம்" என்று சுவரைக் காட்டினேன்.

அவர் பெல்ட்டைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் நின்று பார்த்தார். கேமராவில் இருந்த ஃபிலிம் சுருளின் முப்பத்தாறு படங்களையும் எடுத்து முடித்தேன்.

போகிறவர்களுக்கு: ஆடியில் கம்பளி அவசியம். மாலையில் மின்சாரம் தள்ளாடும், கருவி கொண்டு போனால் ஸ்டெபிலைசரும் வேண்டும். வாந்தி வருகிறவர்கள் பஸ்ஸில் முன்சீட்டுப் பிடியுங்கள்.

இறங்கும்போது படிகத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, டிபன் டப்பாவில் பஞ்சுக்கு நடுவே விட்டு, மடியில் வைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அது லேசாக நகர்வது விரலுக்குத் தெரிந்தது. சேலம் வரை டப்பாவிலிருந்து கையை எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை.