இருபத்தொன்பதும் ஐம்பத்தெட்டும்

மாலை நான்கு பத்துக்கு மகள் போனில் கூப்பிட்டாள். "யம்மா, அடுக்களையில கேஸ் நாறுது." வடசேரியில் பஸ் ஏறும் நெரிசலில் நின்றிருந்த நான், "சன்னலைத் தொறந்துவிடு மக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். திருவட்டாறு பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அடுக்களைப் பின்வாசல் சாக்கு நினைவுக்கு வந்தது. மழைக்காலத்தில் முற்றத்துத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, சாக்கைச் சுருட்டிக் கதவடியில் திணித்து வைப்போம். அன்று காலை நானேதான் அதைக் காலால் மிதித்து இறுக்கியிருந்தேன்.

சாக்கோடு சேர்ந்து, பிளஸ் டூவில் என் பெஞ்சில் இருந்த தோழியும் நினைவுக்கு வந்தாள். வாயுக்களின் அடர்த்தியை ஒப்பிடும் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. அவள் என் நோட்டை இழுத்து, மூலக்கூறு எடைகளை, காற்று 29, பியூட்டேன் 58 என்று அருகருகே எழுதினாள். "ஏட்டி, ரெண்டு மடங்கு கனம். அது எப்பிடி மேல போவும்? மத்தியானம் சோறுண்ட உன்னைய மாதிரி தரையிலதான் கெடக்கும்." அந்தக் கேலியை மகளிடம் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். கேலி மட்டும் எனக்குத் தங்கியது, கணக்கு தங்கவில்லை. எங்கள் சன்னல் அடுப்பு மேடைக்கு மேலே இருக்கிறது. பியூட்டேன் கலந்த சிலிண்டர் வாயு தரையில் தேங்கும். அது வெளியேற இருந்த ஒரே வழியை நான் அடைத்து வைத்திருந்தேன்.

மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. சாக்கை எடு, சுவிட்சைத் தொடாதே என்று சொல்லத்தான் விடாமல் அடித்தேன். முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இறங்கும்வரை எத்தனை முறை அடித்தேன் என்று தெரியாது. இதை எழுதும்போதும் அந்த மணிச்சத்தம் காதில் கேட்கிறது.

வீட்டைச் சுற்றி ஓடினேன். பின்கதவு விரியத் திறந்திருந்தது. சாக்கு முற்றத்து நடுவில் மழையில் நனைந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்த ரப்பர் மரங்களுக்கிடையிலிருந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மகள் வந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது.

"சிலிண்டரை அடைச்சு, சாக்கையும் தூக்கி எறிஞ்சாச்சு. உன் கூட்டுக்காரி சொன்னது நெனவிருந்துது. நீ ஏன் விடாம போன் அடிச்ச? அது உள்ள, கேஸுக்குள்ளல்லா கெடந்து அடிச்சுது."