புது மிக்ஸரில் என்ன குறை

என் வீட்டுக்காரருக்குக் குரல் போய்ப் பல வருஷம் ஆகிறது. அது அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

பகலில் அவருக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் வேலை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று வந்தால் மெல்லிசைக் குழுவின் பாடகர். காரைக்காலில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று ஊர் சொல்வதாக அவரே சொல்வார். நான் மேடைக்குக் கீழே மிக்ஸரின் முன் உட்கார்ந்திருப்பேன். மைக், கீபோர்டு, தபேலா எல்லாம் வந்து சேர்ந்து ஸ்பீக்கருக்குப் போகிற பெட்டி அது. எங்களுடையது பழசு, பெரிசு. ஒவ்வொரு மைக்குக்கும் மேலும் கீழும் தள்ளத் தனிப் பிடி, திருகத் தனிக் குமிழ். அவர் உச்சத்துக்குப் போகும்போது ஒரு கையால் அவர் குரலை இறக்குவேன், மறு கையால் எக்கோவைக் கூட்டிக் கீபோர்டை மேலே தள்ளுவேன். குழம்பில் உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவதில்லையா, அந்த மாதிரி. கூட்டம் கை தட்டும். அவர் குனிந்து கும்பிட்டுவிட்டு, "அங்க நம்ம வீட்டம்மா உக்காந்து பட்டனத் திருகிக்கிட்டு இருக்கு, அதுக்கும் ஒரு கை தட்டுங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் சொல்லித் தருவேன்.

அவருக்குத் திடீரென்று டிஜிட்டல் மிக்ஸர் மேல் ஆசை வந்தது. நாகப்பட்டினத்தில் விற்கிறவர், ஒரு கச்சேரிக்கு வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சின்னது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம். தலத்தெருவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை வைத்து நான் குறை பார்க்க ஆரம்பித்தேன்.

அடியில் ஒரு விசிறி; தூசியை உள்ளே இழுக்கும். நிலக்கரித் தூசி இவர் சட்டையிலேயே தினமும் வீட்டுக்கு வருகிறது. பாதி வேலையை டேப்லெட்டில் தடவித்தான் செய்ய வேண்டும். மண்டபம் முழுக்க செல்போன் இருந்தால் வைஃபை எப்போது அறுமோ தெரியாது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொல்ல முடியாத குறை ஒன்று இருந்தது. இதில் குரல் ஒரு பக்கத்தில், எக்கோ இன்னொரு பக்கத்தில். திரையில் ஒன்றை மூடித்தான் இன்னொன்றைத் திறக்கலாம். உங்கள் குரலை மறைக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும் என்று கட்டின புருஷனிடம் எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒன்றைச் சொன்னேன். "என்னங்க, கரண்ட் போயி வந்தா பழசு உடனே பேசும். இது கம்ப்யூட்டர் மாதிரி, எந்திரிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல ஆவுது. யுபிஎஸ் ஒண்ணு வாங்கிக் கட்டிடுவோம்."

கீபோர்டு வாசிக்கிறவரும் அப்போது கூடத்தில் இருந்தார். இவர் அவரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பட்டன் திருகுறவ பட்டனத் திருகு. மைக் போனா போவுது. என் தொண்டை என்ன கரண்ட்லயா ஓடுது?"

யுபிஎஸ் பேச்சு அதோடு முடிந்தது.

கச்சேரி, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக் கல்யாணத்தில். காலையில் மாதா கோவிலில் திருமணம், மதியம் மண்டபத்தில் விருந்து. பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். இவர் மூன்றாவது பாட்டின் நடுவில் இருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டது. விளக்கு வந்தது, மின்விசிறி சுற்றியது. ஸ்பீக்கரில் மட்டும் சத்தமில்லை. மிக்ஸரின் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது.

இவர் என்னைப் பார்த்தார். நான் திரையைக் காட்டினேன். அதற்குள் முன்வரிசையில் ஒருவர், "அண்ணே, மைக் இல்லாமலே பாடுவேன்னு சொல்வீங்களே, பாடுங்கண்ணே!" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். இவர் மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டு, ஓரடி முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்திப் பாடினார்.

நானே அந்தக் குரலை முழுசாகக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. உச்சத்துக்குப் போனபோது அது உடைந்து, பாதியில் நின்று, இருமலாக முடிந்தது. முதலில் யாரும் சிரிக்கவில்லை. மணப்பெண் பூங்கொத்தால் வாயை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். பிரான்சுக்கார மாமா ஒருவர் அந்த ஊரில் இருப்பவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். பாடச் சொன்னவரே எழுந்து, "போதும்ணே, உக்காருங்கண்ணே" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும் என்பார்கள். தோன்றவில்லை. கோடு நகர்ந்து முடிக்கும் வரை மடியில் கை வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு உட்கார்ந்து நானும் கேட்டேன்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "எவ்வளவு நாளா?" என்றார்.

"எது எவ்வளவு நாளா?" என்றேன்.



மறுநாள் விற்கிறவர் போன் செய்தார். "என்ன அண்ணே, சாமான்ல ஏதும் குறை இருக்கா?"

"எந்திரிக்க லேட்டாவுது தம்பி. மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றார் இவர். மிக்ஸரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் அந்த வாரமே ஒரு யுபிஎஸ் வாங்கி வந்து, கண் மூடித் திறப்பதற்குள் உயிர் வருகிற பழைய மிக்ஸருக்குத் தன் கையாலேயே இணைப்புக் கொடுத்தார். அதற்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எனக்குக் கை தட்டச் சொல்வதில்லை. போன வாரம் குரும்பகரத்தில் கச்சேரி. பாட்டைத் தொடங்கும் முன் மேடையிலிருந்து யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். இரண்டும் பிடிகளின் மேல் வந்து உட்காரும் வரை அவர் வாய் திறப்பதில்லை. நான் முதலில் தண்ணீர் குடித்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் சாப்பாடு எப்படி என்று விசாரித்தேன். அவர் காத்துக்கொண்டு நின்றார்.