குடைக்கடை பி.ஏ.

இது நடந்த கதை. தெற்கு மாசி வீதியில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். ஆனால் விரிக்காத குடையால் யாருக்கும் நிழல் கிடையாது என்பதால், அங்கங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லியிருக்கிறது. வேண்டியவர்கள் மடக்கிப் படித்துக்கொள்ளலாம்.

"அண்ணே, உங்க பாட்டனைப் பெத்தவரு பேரு என்னா?"

காதில் ஒரு தூரிகை, கையில் ஒரு தூரிகை, மடியில் கவிழ்த்துப் போட்ட கறுப்புக் குடை. சிஹாபுதீன் பி.ஏ. கேட்கிற இந்தக் கேள்விக்கு எதிரே நிற்கிறவர் திருதிருவென்று விழிக்கிறார். அவர் வந்தது குடைக்குப் பெயர் எழுத. கல்யாண வீடானாலும் கச்சேரியானாலும் ஐம்பது குடைகள் ஒரே கறுப்பாக மூலையில் சாய்ந்து நிற்கும். எது யாருடையது என்று அடிதடி வராமல் இருக்க, உள்பக்கத் துணியில் வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். மற்றக் கடைகளில் பெயரையும் ஊரையும் கிறுக்கி, வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நம் பி.ஏ. அப்படி அனுப்புகிறவரா? குடைக்கு எட்டுத் துண்டுத் துணி. ஒன்றில் மட்டும் பெயர் எழுதிவிட்டு மீதி ஏழையும் சும்மா விடுவது அவர் படித்த படிப்புக்கு அடுக்குமா? முதல் துண்டில் சொந்தக்காரர், இரண்டாவதில் அவருடைய தகப்பனார், மூன்றாவதில் பாட்டனார், நான்காவதில் பூட்டனார் என்று சுற்றிவளைத்து எழுதிக்கொண்டே போவார். மூன்றாவது துண்டு வரைக்கும் ஜனங்கள் தைரியமாகச் சொல்வார்கள். நான்காவதில் பிடரியைச் சொறிவார்கள். ஐந்தாவதில், "சிவபெருமான்னு போட்டுக்கங்க தம்பி, கொள்ளை வேலை கெடக்கு" என்று குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள்.

மதுரையில் மழை வருஷத்துக்கு மூன்றே முக்கால் நாள். மீதி நாளெல்லாம் அடிக்கிற வெயிலில் ஒரு புதுக் குடை ஆறே மாதத்தில் அப்பளமாகிவிடும். அந்த வெயிலை நம்பித்தான் அப்துல் லத்தீப் ராவுத்தர் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறார். அவருடைய ஒரே மகன் இந்த சிஹாபுதீன். ஆள் குடைக்கம்பி கனம். சிவப்புத் துருக்கித் தொப்பியைக் கழற்றினால் பாதி உயரம் குறைந்துவிடும். இரண்டு வாழைப்பழத்தில் எதை முதலில் உரிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தால் இரண்டும் கறுத்துப்போகும்.

அப்பேர்ப்பட்டவர் தலையில்தான் அந்த வருஷம் ஒரு பெரிய முடிவு வந்து விழுந்தது. சென்னைக்குப் போய்ச் சரித்திரத்தில் எம்.ஏ. படிப்பதா, வேண்டாமா?

விண்ணப்பத் தாள் நாற்பது நாளாக அவர் சட்டைப் பையில் குடியிருந்தது. வெளுக்கப் போட்ட சட்டையிலிருந்து அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தவர்கூடச் சும்மா கொடுக்கவில்லை. "போகாதீக தம்பி, மெட்ராஸ் தண்ணியில வேட்டி மஞ்சளாயிரும்" என்று ஒரு அபிப்பிராயமும் சேர்த்துக் கொடுத்தார். ஜட்கா வண்டி முத்திருளனோ தீர விசாரித்தார்.

"எம்.ஏ. படிச்சா என்னா உத்தியோகம் மாப்ள?"

"காலேஜுல சரித்திரம் சொல்லிக்குடுக்கலாம்ணே."

"யாருக்கு?"

"எம்.ஏ. படிக்க வாறவுகளுக்கு."

"அவுக படிச்சு முடிச்சுட்டு?"

"அவுக அடுத்து வாறவுகளுக்கு."

முத்திருளன் குதிரையைப் பார்த்தார். "செக்கு மாடு தோத்துப்போச்சுடா, கேட்டுக்க" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாய்மாமன் சேக் மைதீன் இப்படி வழியோடு போகிறவர் இல்லை. அவர் மகள் ஹாஜராவைத்தான் சிஹாபுதீனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அந்த ஹாஜராவும் லேசுப்பட்ட பெண்ணில்லை. தன் குடையைக் கடைக்குக் கொடுத்தனுப்பி, "எங்க அம்மா, அம்மாவோட அம்மா, அவுகளைப் பெத்தவுகன்னு பொம்பளைக பேரா எட்டுலயும் எழுதித் தரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டிருந்தாள். பி.ஏ. சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டுப் படியும் ஏறி இறங்கினார். அவளுடைய பெயரோடு சேர்த்து மூன்று துண்டு நிரம்பியது. அதற்கு மேல், "சோறாக்கிப் போட்டவுக பேரையெல்லாம் யாருப்பா ஞாபகம் வச்சிருக்கா?" என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஐந்து வெற்றுத் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் பி.ஏ. தூரிகையைப் பெயிண்டில் தொட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார். சென்னையில் பழைய தஸ்தாவேஜுகள் மலைமலையாக அடுக்கிக் கிடக்கின்றன என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பெயராவது அதில் அகப்படாதா?

அது தாது வருஷம். அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே பெயருள்ள வருஷத்தில்தான் ஊரைத் துடைத்துப் போட்ட பெரும் பஞ்சம் வந்தது. பெயருக்குப் பயந்தே ஜனங்கள் ஆனி மாதம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அந்த ஆனியில் ஒரு சனிக்கிழமை, மத்தியான வெயிலில் சேக் மைதீன் கடைக்குள் நுழைந்து ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கான உத்தரவு. அவர் எட்டு மாதம் நடந்து, நாலு ஜோடி செருப்பைத் தேய்த்து வாங்கியது.

"இந்த மூலையில ஒரு கையெழுத்துப் போடு. திங்கக்கிழமை சேந்துரு. வாற மாசம் நிக்காஹ்."

"மாமு, இன்னிக்கு நாலு மணித் தபாலுக்குள்ள எம்.ஏ. மனு போகணும். அதான் யோசிச்சுக்கிட்டு..."

"யோசி. நல்லா யோசி. ரெண்டு வருசம் நீ மெட்ராஸ்ல யோசிக்கிற வரைக்கும் எம் மகளை ஊறுகாச் சாடியிலயா போட்டு வைக்க? கையெழுத்துப் போடலேன்னா வேற எடம் பாக்குறேன். அம்புட்டுத்தேன்."

அப்துல் லத்தீப் கம்பி முறுக்கிக்கொண்டே சொன்னார்: "பி.ஏ. படிச்சுட்டுக் குடைக்குப் பேரெழுதுற. எம்.ஏ. படிச்சாக் கலியாணப் பந்தலுக்கு எழுதுவியாடா?"

"அத்தா, நீங்களுமா?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. கேக்குறேன்."

"செத்தவன் கதையைக் கிளறி உசுரோட இருக்கவனுக்கு என்னடா உபயோகம்? ஒண்ணு சொல்லு, ஒண்ணே ஒண்ணு" என்றார் மாமு.

சிஹாபுதீன் சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து உத்தரவுக்குப் பக்கத்தில் வைத்தார். பேனாவைத் திறந்தார். மாமுவின் விரல் இன்னும் உத்தரவின் மூலையிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சோழவந்தான் உக்கிரபாண்டி, எழுதக் கொடுத்த குடையை வாங்க வந்து சேர்ந்தார். வெற்றிலைக் கொடிக்கால்காரர். முன்பு இங்கேயே பெயர் எழுதி வாங்கிப்போன குடையைக் கம்பி மாற்றக் கொடுத்துவிட்டு வாடிப்பட்டி மலையாண்டி ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. கையெழுத்தைத் தள்ளிப்போட ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷத்தில் பி.ஏ. பேனாவை மூடிவிட்டு, இரண்டு குடையையும் விரித்துக் காட்டினார். காட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டிலும் நான்காவது துண்டில் ஒரே பெயர்: சோணைமுத்து.

"உக்கிரபாண்டியண்ணே, உங்க பூட்டனாருக்கு எந்த ஊரு?"

"சோழவந்தான்தேன். மொதக் கொடிக்கால் வச்சதே அவருதேன்."

"மலையாண்டியண்ணே, உங்க பூட்டனாருக்கு?"

"அவரும் சோழவந்தான்தேன். எங்க தாத்தாதேன் வாடிப்பட்டிக்கு வந்து குடியேறுனவரு. அவருக்கு ஒரே ஒரு அண்ணன்... முத்துக்கருப்பனோ என்னமோ பேரு."

"முத்துக்கருப்பனா? எங்க தாத்தாய்யா அவரு!"

பெஞ்சு அதிர இருவரும் எழுந்து கட்டிக்கொண்டார்கள். ஒருவர் வெற்றிலையை நீட்ட, மற்றவர் புகையிலையை நீட்டினார். சோடா பாட்டிலில் கோலி இறங்கினால் காற்று எவ்வளவு நேரம் சீறுமோ, அவ்வளவு நேரம் அந்தப் பாசம் நின்றது. அதற்குள் நம் பி.ஏ. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஆமாண்ணே, உங்க தாத்தா எதுக்கு ஊரைவிட்டுப் போனாரு?"

"தாது வருசப் பஞ்சம்" என்றார் மலையாண்டி. "தம்பி பிள்ளைக பசியில கத்துது, அண்ணன்காரரு நெல்லுக் குலுக்கையைப் பூட்டி வச்சுக்கிட்டாருன்னு எங்கய்யா சொல்லுவாரு."

"யாரு பூட்டுனது? உங்க தாத்தாவுல்ல வெதநெல்லை அள்ளிக்கிட்டு ஓடுனது!"

"யார்ரா ஓடுனது?"

கம்பியைக் கீழே வைத்துவிட்டு அப்துல் லத்தீப் எழுந்தார். "ஏம்ப்பா, பட்டினி கெடந்தவன் எடுத்தா அதுக்குப் பேரு களவா?"

"வெதநெல்லுல கைவைக்கலாமா மச்சான்?" என்று சேக் மைதீன் உத்தரவிலிருந்து விரலை எடுத்தார். "எங்க அத்தாவும் தாது வருசத்துல இந்த ஊருலதேன் கெடந்தாரு. கருவேலங்காயைத் தின்னுக்கிட்டுக் கெடந்தாரு. அடுத்தவன் நெல்லைத் தொட்டாரா?"

"எங்க தொட? அவருதேன் கப்பலேறிப் பினாங்குக்குப் போயிட்டாருன்னு கேள்வி" என்றார் அப்துல் லத்தீப்.

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லும்."

"எங்க அத்தா ஊரைவிட்டு ஓடுனாரா? மச்சான், அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கு!"

இந்தப் பக்கம் உக்கிரபாண்டியின் துண்டு மலையாண்டியின் கையில். அந்தப் பக்கம் அப்துல் லத்தீபின் சட்டைக் காலர் மைத்துனர் கையில். நடுவில் இரண்டு குடைகளும் மிதிபட்டன. போகிற ஜட்காக்களெல்லாம் நின்றன. மீனாட்சியம்மன் கோபுரமே எட்டிப் பார்த்தது.

"டேய் சிஹாபு, என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? எழுதுடா!" என்று மாமு தொண்டை கிழியக் கத்தினார். "எங்க அத்தா போகலேன்னு எழுது! எந்தக் கப்பல், எந்தத் தேதி, யாரு பாத்தது, எல்லாத்தையும் விசாரிச்சு எழுது!"

சிஹாபுதீன் பேனாவைத் திறந்தார். தாளுக்காக மேஜையைப் பார்த்தார். விண்ணப்பத்தை மை படாத தூரத்துக்கு மெல்ல நகர்த்திவைத்தார். கச்சேரி உத்தரவை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, உள்ளங்கையால் இரண்டு முறை நீவிவிட்டு, அதன் வெள்ளை முதுகில் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார்: 'தாது வருஷம்.'