கிருஷ்ணவேணி வீட்டு நிலைக்கண்ணாடி

வன்னியம்பட்டி ஜெபா ராஜபாளையத்துக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனது ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான். ஆறு வருஷம் இருந்துவிட்டாள். ஒரு காலத்தில் பஞ்சு வியாபாரம் கொடிகட்டிப் பறந்த தெலுங்கு பேசும் குடும்பம். அந்தப் பெரிய வீட்டில் மிச்சமிருந்தது கிருஷ்ணவேணி ஒருத்திதான். ஐம்பதை எட்டுவதற்குள் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், தமிழ் அத்தனையும் மறந்து, தெலுங்கில் நாலைந்து சொற்கள் மட்டும் நாக்கில் தங்கியிருந்தன. ஜெபாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். பிள்ளை கிடையாது.

வந்த முதல் வாரம் கிருஷ்ணவேணி இடது கையை நீட்டி நீட்டி, "சூடு, சூடு" என்றாள். ஜெபா ஃபேனைக் கூட்டி வைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டாள். கிருஷ்ணவேணி அழவே தொடங்கிவிட்டாள். சமையலுக்கு வந்த அங்காளம்மாள்தான் எட்டிப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள்.

"அவிய பாஷையில சூடுன்னா பாருன்னு அர்த்தம். அந்தக் கண்ணாடியப் பாக்கணுமாம்."

கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்ற நிலைக்கண்ணாடி அது. கொல்லத்தில் ஒரு வெள்ளைக்காரன் பங்களா ஏலத்துக்கு வந்தபோது கிருஷ்ணவேணியின் தாத்தா எடுத்து வந்தாராம். ஆளைவிட உயரம். இரு பக்கமும் நெடுக வரி வெட்டிய மெல்லிய தூண்கள், கண்ணாடியைச் சுற்றி முத்து கோத்த மாதிரி ஒரு வரிசை, உச்சியில் இரண்டு காது வைத்த ஜாடி, ஜாடியிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கும் இலைமாலை. கோயில் மண்டபத்தை யாரோ சின்னதாக்கி நிறுத்தினாற்போல எல்லாம் நேராக, அளவாக, அமைதியாக இருந்தது. ஏதோ கல்யாணத்துக்காக யாரோ அதன் மேல் தங்கநிறப் பெயிண்டை அப்பியிருந்தார்கள். பெயிண்ட் உரிந்த இடங்களில் மட்டும் மெல்லிய தாளாக ஒட்டிய பழைய தங்க ரேக் தெரிந்தது. அது பளபளக்காது. சாயங்கால வெயில் சுவரில் விழுந்ததுபோல மங்கலாகக் கனிந்திருக்கும். ரேக்கும் தேய்ந்த இடத்தில் செம்மண் பூச்சு, அதற்கும் அடியில் வெள்ளைச் சாந்து. துடைத்துத் துடைத்தே ஜெபாவுக்கு அதெல்லாம் தெரிந்துபோயிற்று.

அன்றிலிருந்து காலையில் குளிப்பாட்டியதும் சக்கர நாற்காலியைக் கண்ணாடிக்கு முன்னால் தள்ளிவந்து தலை சீவிவிடுவாள். கிருஷ்ணவேணி தன் முகத்தைப் பார்ப்பதில்லை. வாய் கோணிப்போன முகத்தை அவள் ஒரேயொரு முறை பார்த்தாள், அதோடு சரி. பின்னால் நிற்கிற ஜெபாவைத்தான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெபாவும் பார்ப்பாள். தன் புருஷன் போனது, அம்மா செத்தது எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடிக்குள் இருந்த முகத்திடம்தான் சொன்னாள். நேருக்கு நேர் பார்த்துச் சொல்ல அவளுக்கு வந்திருக்காது.

போன ஐப்பசியில் கிருஷ்ணவேணி தூக்கத்திலேயே போய்விட்டாள். கோயம்புத்தூரிலிருந்து தம்பி குடும்பம் வந்தது. வீடு நிறைய ஆட்கள். ஜெபா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் துக்கம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற வழியும் இல்லை.

வீட்டை விற்பதாக முடிவானது. பழைய சாமான் வாங்குகிறவர் வந்து, கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பார்த்து, பெயிண்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்கள், வேண்டாம் என்று போய்விட்டார். தம்பி ஜெபாவைக் கூப்பிட்டு, பீரோவோ பாத்திரமோ ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"அந்தக் கண்ணாடியத் தாங்க தம்பி" என்றாள்.

அவர் சரி என்றார்.

பழைய மெத்தைகளுக்கு நடுவில் படுக்கவைத்து, லோடு ஆட்டோவில் வன்னியம்பட்டிக்குக் கொண்டுவந்தாள். வீட்டுக்குள் நிறுத்த முடியவில்லை. தகரக் கூரை சுவரோரம் தாழ்ந்திருந்தது. தச்சுவேலை செய்யும் சமுத்திரம் வந்து பார்த்து, மேலே உள்ள ஜாடியையும் மாலையையும் கழற்றினால்தான் நிற்கும் என்றான். ஜெபா செத்த நேரம் யோசித்துத் தலையசைத்தாள். அவன் பதமாகவே கழற்றினான். இருந்தும் இலைமாலையில் இரண்டு இலைகள் உதிர்ந்தன.

எல்லாரும் போனபிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெரிய கண்ணாடி முழுக்க அவள் ஒருத்திதான் இருந்தாள். பின்னால் அவளுடைய ஒற்றைக் கட்டில், கொடியில் ஒரு சேலை, ஒரு தட்டு. ஆறு வருஷமும் அதில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறாள். தனக்கு வேண்டியிருந்தது கண்ணாடி இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோற்றைப் போட்டு எடுத்து வந்தவள், அதன் எதிரில் சாப்பிட முடியாமல் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்துவீட்டுப் பாண்டிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். மணப்பெண்களை உட்காரவைக்க நன்றாயிருக்கும், தருகிறீர்களா என்று கேட்டாள். கொடுக்கவும் ஜெபாவுக்கு மனம் வரவில்லை. நாலாம் நாள் சமுத்திரத்தைக் கூப்பிட்டு, கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னாள்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீய?" என்றான்.

அவள் கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் அதற்குமேல் கேட்காமல் திருப்பி வைத்துவிட்டுக் கூலி வாங்காமல் போனான்.

தை பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு ஒரு வீட்டுக்குப் போனாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதல் நாள் மருந்து கொடுக்கும்போது, அந்த வீட்டு மருமகள் முனீஸ்வரி சாதாரணமாகத்தான் கேட்டாள், இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று.

ராஜபாளையம் என்று ஆரம்பித்தாள் ஜெபா. தெருப்பெயரைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள்.

"அங்க எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாவ" என்றாள். "இப்ப இல்ல."

முனீஸ்வரி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போது இறந்தார்கள் என்று கேட்டாள்.