கோவாவுக்குப் பிளைட்டா, காரா?

விமான டிக்கெட்டையும் வாடகைக் காரையும் ஒரே மேஜையில் வைத்து விற்கிறவளை ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. பிளைட்டில் போங்கள் என்றால் கமிஷன் அடிக்கிறாள் என்பார்கள். காரில் போங்கள் என்றால் இவள் தம்பியோட கார் ஷெட்டில் சும்மா நிற்கிறது போல என்பார்கள். ரெண்டும் வேண்டாம், ரயிலில் போங்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்புறம் எதற்கு இந்தம்மா கடை திறந்து வைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மேற்குத் தாம்பரத்தில், செருப்புக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் என் டிராவல்ஸ். என்னைப்போல டிக்கெட் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கும், பிளைட்டா காரா என்று சண்டை போட்டே லீவைத் தீர்த்த குடும்பங்களுக்கும் நான் சொல்வது சட்டென்று புரியும். எனக்கு எதற்கெடுத்தாலும் பகீரென்று ஆகிவிடும் சுபாவம். அதற்காக வீட்டில் திட்டும் வாங்குவேன். ஆனால் போன மே மாதம் நடந்ததைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் ஆடிப்போவார்கள்.

பாதியில் நின்ற சண்டை

ஏர்போர்ட்டை ஒட்டியிருக்கிற பொழிச்சலூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். அவர் கணவர் ஆரோக்கியசாமி சார் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். கோவாவுக்குப் போக வேண்டும், அங்கே இருக்கிற பழைய பெரிய சர்ச்சில் பூசை பார்க்க வேண்டும் என்பதுவரை இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான். எப்படிப் போவது என்பதில்தான் சண்டை.

டீச்சர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறார். தலைக்கு மேலே பிளைட் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஒரே ஒரு தடவை ஏறி, மேலேயிருந்து தன் மொட்டைமாடியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சாருக்குக் கார்தான். இரண்டு பேரும் என் எதிரிலேயே குரலை உயர்த்தினார்கள். அந்த நேரம் பார்த்து பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து ஏதோ ஒரு விமானம் கடைக்கு மேலே இரைச்சலாகப் போனது. இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு, வாயைத் திறந்தபடியே அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்குப் பக்கவாதமோ என்னவோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். சத்தம் ஓய்ந்ததும், விட்ட எழுத்திலிருந்து தொடங்கி அதே குரலில் சண்டையைத் தொடர்ந்தார்கள். அவர்கள் தெருவில் எல்லோருமே இப்படித்தானாம். கோயிலில் பிரசங்கம்கூட இப்படித்தான் நின்று நின்று நடக்குமாம்.

காருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சாரைக் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “மேடம், தினமும் அதோட அடிவயித்தப் பாக்கறவன் நான். சக்கரம் எப்ப வெளிய வருதுன்னு எனக்குத் தெரியும். கடைசி நிமிஷத்துல வருது மேடம்.”

நாவலூரிலிருந்து ஒரு போன்

இரண்டு நாள் கழித்து சார் மட்டும் தனியாக வந்தார். கோவாவுக்கு எந்த ரோட்டில் போனால் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது நாவலூர் கார்த்திக்கிடமிருந்து போன் வந்தது. கார்த்திக் ஐ.டி. கம்பெனிக்காரர். கோவாவுக்குப் பிளைட்டில் எத்தனை நேரம், காரில் எத்தனை நேரம் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டிக் கணக்குப் போட்டு, பிளைட்தான் சரி என்று முடிவு செய்து, மனைவி குழந்தையோடு மூன்று டிக்கெட் என்னிடம் வாங்கியிருந்தார். முந்தின நாள் சாயங்காலப் பிளைட். சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சாருக்கும் கேட்கட்டும், கொஞ்சம் மனசு மாறட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

அவர் கூப்பிட்டது ஹூப்ளியிலிருந்து. ஒரு சாலையோர ஓட்டலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அவர் போட்ட கணக்கில் எல்லாம் இருந்தது, நாவலூரிலிருந்து ஏர்போர்ட் வருகிற நேரம் மட்டும் இல்லை. ரோட்டு நெரிசலில் ஊர்ந்து, ஏர்போர்ட்டுக்கு முந்தின பல்லாவரத்துக்கு வருவதற்குள் பிளைட் கிளம்பிவிட்டது. வீட்டுக்குத் திரும்புவதற்கும் அதே நெரிசல்தான். ஏறி வந்த வாடகைக் கார் டிரைவரிடம் கோவா வர முடியுமா என்று கேட்டிருக்கிறார், அவரும் சரி சார் என்றிருக்கிறார். அதே காரில் அப்படியே கோவாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியசாமி சார் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்னவென்று சொல்ல. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஸ்பீக்கரில் கார்த்திக் ரொம்ப நிதானமாகச் சொன்னார்: “ஏர்போர்ட் வர்றதுக்குள்ளயே பாதி கோவா வந்த மாதிரி இருந்துச்சு மேடம். மிச்சம் பாதிதானேன்னு கிளம்பிட்டோம்.”

பால்சுறாக் கருவாடு

மறுநாள் டீச்சர் வந்தார். வாடிப்போயிருந்தார். ஹூப்ளிக் கதையை சார் வீட்டில் போய் நாலு தடவை சொல்லியிருக்கிறார். “கார்லயே போயிடலாம் மேடம், எதுக்கு வம்பு” என்றார் டீச்சர். கண் மட்டும் சுவரில் நான் ஒட்டியிருந்த விமானப் படத்தின் மேலேயே இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒரு மனுஷிக்கு ஒரே ஒரு ஆசை, அதுகூடவா நடக்கக் கூடாது.

அப்போது பவுனம்மாள் உள்ளே வந்தார். கோவளத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து சேலையூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்கிறவர். நானும் வாடிக்கை. கூடையை வாசலில் இறக்கிவிட்டு, கோவாவுக்குப் பிளைட் டிக்கெட் வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகன் அங்கே விசைப்படகில் வேலை செய்கிறானாம். மருமகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பால் சுரக்கப் பால்சுறாக் கருவாடு கொடுக்க வேண்டும், அதை ரயிலில் ஆடி அசைந்து கொண்டுபோனால் ஆகாது, பிள்ளை இப்போதே பாலுக்கு அழுகிறது என்றார். கருவாட்டைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், நன்றாகச் சுற்றி லக்கேஜில் போட வேண்டும் என்று சொன்னேன். ஏழெட்டு பிளாஸ்டிக் பை, அதற்கு மேலே காப்பித் தூள், அதற்கு மேலே பழைய புடவை என்று அங்கேயே திட்டம் போட்டுவிட்டார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. “உங்களுக்குப் பயமா இல்லையாம்மா? அவ்ளோ உயரம்?” என்று கேட்டார். பவுனம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எம் புருசன் தெனம் கடலுக்குப் போறாரு டீச்சரே. கீய எத்தினி ஆழம் கீதுன்னு அளந்து பாத்துகினா ஏறுறாரு? ஏறணும்னா ஏறிடணும்.” டீச்சர் கைப்பையைத் திறந்து ஆதார் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் எத்தனையோ குடும்பங்களுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், புருஷனை விட்டுவிட்டு மனைவிக்கு மட்டும் உல்லாசப் பயண டிக்கெட் போட்டதில்லை.  டீச்சர் கார்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். “இந்த அம்மாவுக்குப் பக்கத்து சீட்டு எனக்குப் போடுங்க மேடம். அவர் கார்ல வரட்டும்.”

ஆக்டிங் டிரைவர்

சார் வந்து சத்தம் போடுவார் என்று இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார், சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. முந்தின நாள் விடியற்காலையிலேயே கிளம்பி, டீச்சர் கோவாவில் இறங்கும்போது வாசலில் காரோடு நிற்க வேண்டும், அதற்கு ஒரு ஆக்டிங் டிரைவர் வேண்டும் என்றார். தாம்பரத்தில் சொந்தக் காருக்கு ஒரு நாள், இரண்டு நாள் ஓட்டிக் கொடுக்கிறவர்களுக்கு அதுதான் பெயர். கார் இருக்கிறதே, நீங்களே ஓட்டலாமே என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வாங்கியதிலிருந்து அந்தக் கார் பொழிச்சலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், கோயிலிலிருந்து வீட்டுக்கும் மட்டும்தான் போயிருக்கிறது. வண்டலூர்கூடப் பார்த்ததில்லை. இந்தக் காரை வைத்துத்தான் ஒரு மாதமாக அந்த வீட்டில் சண்டை நடந்திருக்கிறது.

என் வழக்கமான டிரைவர் முருகனை அனுப்பி, சாரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெருங்களத்தூர் வரை ஓட்டிக் காட்டச் சொன்னேன். திரும்பி வந்து சாவியை மேஜையில் வைத்த முருகன், சார் காதில் விழாதபடி சொன்னான்: “யக்கா, நான் பிரேக்கு போடறதுக்கு முன்னாடி அவரு போடறாரு. கோவா போறதுக்குள்ள அவரு காலடியில ஓட்ட வுழுந்துடும்.”

சார் போகும்போது வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். என்னைப் பார்க்காமல், விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “காலைல பெரும்பாலும் எங்க பக்கமாத்தான் ஏறும். வீடு இடது கைப் பக்கம் வரும். அவளுக்கு இடது ஜன்னல் கிடைக்குமா பாருங்க.”

மொட்டைமாடியில் போலீஸ்

கிடைத்தது. இடது ஜன்னல் டீச்சருக்கு, பக்கத்தில் பவுனம்மாள். கிளம்புகிற அன்றைக்குக் காலை இரண்டு பேரும் ஏர்போர்ட்டுக்குள் போய்விட்டதாக டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. சார் இந்நேரம் ஹூப்ளியைத் தாண்டியிருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு காப்பி குடித்தேன். அப்போது தெரியாத நம்பரிலிருந்து போன். போலீஸ். பொழிச்சலூரில் ஒருத்தர் மொட்டைமாடியில் நின்று விமானங்களுக்கு ஏதோ சிக்னல் காட்டுவதாகப் புகார் வந்திருக்கிறது, கேட்டால் டிராவல்ஸ் அம்மாவைக் கேளுங்கள் என்கிறார், வாருங்கள் என்றார்கள். காப்பி டம்ளர் கையிலிருந்து விழுந்தது. ஆட்டோ பிடித்து ஓடினேன். வழியெல்லாம் முருகனுக்குப் போன் போட்டுக்கொண்டே போனேன். எடுத்தவன் சொன்னதைக் கேட்டு அடுத்த அதிர்ச்சி. முந்தின நாள் ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டிலேயே சார் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாராம். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறார்.

மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்த காட்சியை என்னால் மறக்க முடியாது. டீச்சருடைய பீரோ காலி. சின்னாளப்பட்டி, காஞ்சிபுரம், காட்டன் என்று அத்தனை புடவையும் கைப்பிடிச் சுவரைச் சுற்றிக் கட்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் ஆரோக்கியசாமி சார் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். கையில் சரிகை போட்ட சிவப்புப் பட்டுப் புடவை, அவர்களுடைய கல்யாணப் புடவை. கீழே இரண்டு போலீஸ்காரர்கள் இறங்குங்க சார், இறங்குங்க சார் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். “மேலேருந்து பாத்தா எல்லா மாடியும் ஒண்ணு போலத்தான் மேடம் இருக்கும். எல்லாத்துலயும் அதே கறுப்புத் தொட்டி. எது நம்ம வீடுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?” என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. போலீஸ்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே பிளைட் எழும்பி வந்தது. சார் இரண்டு கையாலும் புடவையைத் தூக்கி வீசி வீசி ஆட்டினார். அது குன்றத்தூர்ப் பக்கம் சின்னதாகிப் போகும்வரை ஆட்டினார். அப்புறம்தான் இறங்கினார். பெரிய போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று எழுதி வாங்காமல், வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார். புடவையை மடித்துக்கொண்டே ஆரோக்கியசாமி சார் என் பக்கம் திரும்பினார்: “அடுத்த பிளைட் எத்தன மணிக்கு மேடம்? நடு சீட்டு போடுங்க, ஜன்னல் வேணாம்.”

கோவாவிலிருந்து

சாரை ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்ததும் டீச்சர் நம்பரிலிருந்து போன் வந்தது. ஆசை ஆசையாக எடுத்தேன். வீட்டைப் பார்த்தீர்களா டீச்சர் என்று கேட்டேன். விசும்பலுக்கு நடுவில்தான் சொன்னார். பிளைட் ஓட ஆரம்பித்ததுமே டீச்சருக்குப் பயம் பிடித்துக்கொண்டதாம். ஜன்னல் சீட்டைப் பவுனம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, செபமாலையைப் பிடித்தவர் கோவாவில் இறங்கித்தான் கண்ணைத் திறந்திருக்கிறார். இத்தனை வருஷ ஆசை, எட்டிப் பார்த்தால் வீடு, பார்க்கவில்லை. 

அதற்குள் போனைப் பவுனம்மாள் பிடுங்கிக்கொண்டார். பின்னால் குழந்தை அழும் சத்தம், யாரோ கருவாட்டைப் பிரிக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. டீச்சரைத் தன் மகன் வீட்டுக்கே கூட்டிப்போயிருக்கிறார். பவுனம்மாள் குரலில் குழப்பம்: “யம்மா, பிளைட்டு மேல ஏறச்சொல்ல எவனோ ஒரு லூசு, மாடி பூரா பொடவையக் கட்டிகினு, தொட்டி மேல நின்னு செவப்புப் பட்ட ஆட்டிகினு இருந்தான். அத சிரிப்பா டீச்சர்கிட்ட சொன்னேன், அப்பத்திலேர்ந்து அழுதுகினே கீது. நான் இன்னா தப்பா சொல்ட்டேன்?”

ஆகவே, கோவாவுக்குப் பிளைட்டா காரா என்று கேட்டு வருகிறவர்களிடம், மொட்டைமாடிச் சாவியை முதலில் என் மேஜையில் வைத்துவிட்டுப் பேசுங்கள் என்றுதான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.