அக்காவைக் காப்பாற்றப் போய்...

எண்பதுகளில், எங்கள் ஏற்காடு எஸ்டேட் நர்ஸ் தனம் அக்கா, போர் நடந்த இலங்கையில் அகதிகளுக்கு மருத்துவ உதவி செய்யப் போவதற்காக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார்.

காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு போலீஸ்காரர் அக்காவைப் பற்றி விசாரித்தார். ஏதோ வம்பு என்று பயந்து, “அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்று சொல்லிவிட்டேன். அது பாஸ்போர்ட் விசாரணை என்று எனக்கென்ன தெரியும்? விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது.

அழுதுகொண்டே அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். “என்னையக் காப்பாத்தத்தானே சொன்ன, கண்ணு? வா, ஸ்டேசன்ல நீயே சொல்லிப்போடு” என்றார் அக்கா. குண்டு விழும் ஊருக்குப் போகிறவர் சிரித்தபடி நடந்தார். ஸ்டேஷன் படியேறும்போது நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுவிசாரணை நடந்து பாஸ்போர்ட் வந்த பிறகும் விசாவுக்காக நான்கு மாதம் சென்னைக்கு அலைந்து, அக்கா இலங்கைக்குப் போயே விட்டார்.

இப்போது போலீஸ்காரர் யாரைத் தேடி வந்தாலும், “ஏனுங்க, என்ன விசயமுங்க?” என்று முதலில் நானே கேட்டுவிடுகிறேன்.